மூடுபனியை அழிக்காத கடை: புனலூரில் நெகட்டிவ் ஸ்கேனிங்

வீட்டில் யாரிடமாவது பழைய ரயில் படங்களின் நெகட்டிவ் இருந்தால், அதிலும் செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ் காலத்தில் எடுத்ததாக இருந்தால், பிரிண்டை மொபைலில் ஒரு கிளிக் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நெகட்டிவை மறுபடி பரணில் ஏற்றிவிடாதீர்கள். பஸ் பிடித்துப் புனலூர் போய் இந்தக் கடையில் கொடுங்கள். தூக்குப் பாலத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். நான் 35 எம்எம்மில் 212 படமும் 120 ஃபிலிமில் (அதைவிட அகலமான ரோல்) 40 படமும் கொடுத்து வாங்கியிருக்கிறேன். குறைகளும் உண்டு, அதையும் கீழே சொல்கிறேன். ஆனால் இந்த வேலைக்கு எனக்குத் தெரிந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு ஆள் இல்லை.

படங்கள் பெரும்பாலும் சித்தப்பா எடுத்தவை. அவருக்கு ரயில்வேயில் வேலை இல்லை, வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ரயில்தான். 1978-ல் ஒரு அக்ஃபா கிளிக் 3 வாங்கியிருக்கிறார். பரோடாவில் தயாரான அந்தச் சின்ன கேமரா பலர் வீட்டில் இருந்திருக்கும். 120 ரோல் போட்டால் பன்னிரண்டு சதுரப் படம், ஒரே ஷட்டர் வேகம். ஓடுகிற வண்டியை அதில் எடுத்தால் இழுத்துவிட்ட மாதிரி கலங்கிவிடும். அதனால் அவருடைய ஆரம்ப காலப் படங்கள் எல்லாமே ஒன்று ஸ்டேஷனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கிற நீராவி எஞ்சின், இல்லையென்றால் மலையேற்றத்தில் ஆள் நடக்கிற வேகத்துக்குத் திணறி வருகிற வண்டி. ரோல் எல்லாம் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளை. இந்து நகரில் இருந்த அந்தத் தொழிற்சாலையும் மூடிப்போய்விட்டது. அந்த ரோல் வந்த அட்டைப் பெட்டிகளிலேயே நெகட்டிவைச் சுருட்டிப் போட்டு, மேலே பால்பாயிண்ட் பேனாவால் 'பகவதிபுரம் - காலை', 'பதிமூணு கண் பாலம் - மழை' என்று எழுதி வைத்திருந்தார். பின்னால் பென்டாக்ஸ் கே1000 வாங்கி, கோனிகா கலர் ரோலுக்கு மாறினார். 2010-ல் லைனை மூடப்போகிறார்கள் என்றதும் அதே கேமராவை என் கையில் கொடுத்து, "எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது, நீ போய் எடுத்துட்டு வா" என்றார். கடைசி மூன்று ரோல் என்னுடையது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1904-ல் திறந்த கொல்லம் - செங்கோட்டை பாதை நூறு வருடத்துக்கு மேல் மீட்டர் கேஜாகவே ஓடியது. 2007-ல் கொல்லம் - புனலூர் பகுதியை அகலப் பாதைக்காக மூடினார்கள். அப்புறம் 2010 செப்டம்பரில் புனலூர் - செங்கோட்டை மலைப்பகுதியும் மூடியது. மறுபடி முழுப் பாதையிலும் வண்டி ஓடியது 2018-ல்தான். இடையில் ஏழு வருடத்துக்கு மேல் மலை வழியாக வண்டியே போகவில்லை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஆயிரம் மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1676 வந்தது. கைகாட்டி மரங்கள் போய் கலர் லைட் சிக்னல் வந்தது. காலடி மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்த பிளாட்பாரங்கள் உயர்ந்தன, இப்போது மேலே மின்கம்பியும் வந்துவிட்டது. கழுதுருட்டி பக்கத்தில் இருக்கிற பதிமூன்று கண் பாலத்தைப் பலப்படுத்தி வைத்துக்கொண்டார்கள், அதுவரைக்கும் நல்லது. அகலப் பாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சென்னையிலிருந்து ஏறினால் மாறாமல் கொல்லம் போய் இறங்க முடிகிறது, எங்கள் ஊருக்கு அது பெரிய விஷயம். ஆனால் முன்னால் எப்படி இருந்தது என்பதற்கு எங்களிடம் மிச்சம் இருப்பது இந்த நெகட்டிவ்தான்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு ஸ்டூடியோவில் இருபத்துநாலு படம் கொடுத்துப் பார்த்தேன். பெயர் வேண்டாம். இரண்டே நாளில் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால், படம் ஒவ்வொன்றும் 1700-க்கு 1100 பிக்சல் அளவு. டிவியில் போட்டால்கூட எஞ்சின் பக்கவாட்டில் இருக்கிற நம்பர் வெறும் வெள்ளைத் திட்டு. அது போகட்டும், மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாம். எனக்கு வயிறு எரிந்தது வேறு ஒரு படத்தில். ஆரியங்காவு பிளாட்பாரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் டோக்கன் வளையத்தை (அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம் என்று டிரைவருக்குக் கொடுக்கிற அனுமதி) தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், டிரைவர் எஞ்சினிலிருந்து குனிந்து கை நீட்டுகிறார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏதோ சரியில்லை, என்னவென்று பிடிபடவில்லை. படத்தில் எழுத்து எதுவும் இல்லை, இருந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரின் சட்டையைப் பார்த்தேன். பை வலது பக்கம் இருக்கிறது. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்திருக்கிறார்கள்! மலை இடம் மாறி, வண்டி போகிற திசை மாறி, மனுசர் வலது கையால் கொடுத்த டோக்கனை இடது கையால் கொடுக்கிறார். இருபத்துநாலில் ஒன்பது படம் இப்படி. நெகட்டிவில் ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், இன்னொரு பக்கம் மங்கலாக இருக்கும், மங்கல் பக்கம்தான் படம் பதிந்திருக்கிற மருந்துப் பக்கம். வெளிச்சத்தில் சாய்த்து ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடுகிற சமாச்சாரம் இது. அந்த இரண்டு நாளில் யாருக்கும் அதைச் சாய்த்துப் பார்க்க நேரம் இல்லை. இரண்டு ஸ்டிரிப்பில் புதுக் கீறலும் விழுந்து வந்தது.

அதற்கப்புறம் ஒரு வருடம் நெகட்டிவை யாரிடமும் கொடுக்கவில்லை. ஆரியங்காவில் இருக்கிற மைத்துனர்தான் இந்தப் புனலூர் கடையைச் சொன்னார்.

கடை ரொம்பச் சின்னது. முன்னால் பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், கல்யாண ஆல்பம் என்று சாதாரண ஸ்டூடியோ மாதிரிதான் இருக்கும், பலகையில் ஸ்கேனிங் என்று எழுதக்கூட இல்லை. உள்ளே ஒரு அறையில் லைட் பாக்ஸ், பூதக்கண்ணாடி, ஒரு நிக்கான் ஃபிலிம் ஸ்கேனர் (நிக்கான் இதைத் தயாரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது, பத்திரமாக வைத்திருக்கிறார்), பக்கத்தில் 120 ஃபிலிமுக்கு ஒரு பிளாட்பெட் ஸ்கேனர். கடைக்காரச் சேட்டன் மலையாளி, ஆனால் தென்காசி, சங்கரன்கோவில் பக்கமெல்லாம் கல்யாண வேலைக்குப் போய்ப் பழகியவர், நன்றாகத் தமிழ் பேசுகிறார், நம்மை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார். நான் பெட்டிகளை வைத்ததும் அவர் முதலில் செய்தது, கையைக் கழுவித் துடைத்துவிட்டு வெள்ளைக் காட்டன் கையுறை போட்டதுதான். சுருண்டு கிடந்த ஒரு ரோலை ஓரத்தைப் பிடித்து மெதுவாக விரித்து, லைட் பாக்ஸில் வைத்து, சாய்த்துப் பார்த்தார். பளபளப்புப் பக்கம், மங்கல் பக்கம். எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம் கேள்விகள். இது எந்த வருஷம்? எந்த மாசம்? காலையா சாயங்காலமா? மழைக்கு முன்னாலா பின்னாலா? கலர் நெகட்டிவைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பெட்டி அன்னைக்கு என்ன கலர்?" என்றார். போட்டோ கடையில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. 1989 ரோல் அது. அப்போது ரயில் பெட்டிகள் எல்லாம் காவிச் சிவப்பு, நீலம் வந்தது பின்னால்தான். கலர் நெகட்டிவில் சாயங்கள் வருடம் போகப் போக ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் மங்கும், அதனால் கம்ப்யூட்டர் தானாகத் திருத்தினால் ஏதோ ஒரு கலர் வரும், அது அன்றைய கலராக இருக்காது. முன்பு சொன்ன ஸ்டூடியோ கொடுத்ததில் பெட்டி கத்தரிக்காய் கலரில் இருந்தது. இவர் என்ன செய்தார் என்றால், அதே ரோலில் ஸ்டேஷன் மாஸ்டர் வெள்ளை யூனிஃபார்மில் நிற்கிற படத்தைத் தேடி எடுத்து, அந்த வெள்ளையை வெள்ளையாக்கி, அடுத்து ஸ்டேஷன் பெயர்ப் பலகையின் மஞ்சளைச் சரிபார்த்து, அந்த அளவையே ரோல் முழுவதுக்கும் வைத்தார். பெட்டி தானாகவே காவிச் சிவப்புக்கு வந்தது. வெயில் பட்ட பக்கம் செங்கல் மாதிரி, நிழல் பக்கம் காய்ந்த மிளகாய் மாதிரி. எனக்கு ஞாபகம் இருக்கிற கலர் அதுதான்.

மூடுபனிக்கு வருகிறேன், தலைப்பே அதுதானே. குற்றாலச் சீசனில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்கும்போது பகவதிபுரத்தில் எஞ்சினுக்கு முன்னால் இருபது அடி தெரியாது. சித்தப்பாவுக்கு அந்த நேரம்தான் பிடிக்கும். வண்டி குகைக்குள் போகும்போது இந்தப் பக்கம் லேசான வெயில் இருக்கும், அந்தப் பக்கம் வெளியே வரும்போது மழை கொட்டும். அந்தப் படங்களில் கறுப்பும் இருக்காது, வெள்ளையும் இருக்காது, எல்லாம் சாம்பல். நடுவில் எஞ்சினின் ஹெட்லைட் மட்டும் வட்டமாக, ஊறின மாதிரி தெரியும். ஆட்டோ கரெக்‌ஷன் போட்டால் கம்ப்யூட்டர் இதைத் 'தெளிவில்லாத படம்' என்று நினைத்துக்கொண்டு கான்ட்ராஸ்டை ஏற்றிவிடும், பனி போய்விடும், பின்னால் மரம் இலை எல்லாம் கறுப்பாகக் கத்தரித்து வைத்த மாதிரி நிற்கும். பார்க்க 'பளிச்' என்று இருக்கும், ஆனால் அது பகவதிபுரம் இல்லை. இவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. முதல் படம் திரையில் வந்ததும் அவரே, "இது பனியாக்கும், தொட வேண்டாம்" என்று விட்டுவிட்டார். நீராவி எஞ்சின் படங்களில் புகையையும் அப்படித்தான், வானத்தோடு கலந்து போகிற இடத்தில் கலந்தே போகட்டும் என்று விட்டிருக்கிறார்.

அளவு விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும், பணம் கொடுக்கப் போகிறவர்களுக்கு இது தேவைப்படும். 35 எம்எம் நெகட்டிவ் என்பது 36-க்கு 24 மில்லிமீட்டர். அதை 1200 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 1200 புள்ளி) எடுத்தால் 19 லட்சம் பிக்சல்தான் கிடைக்கும், 2400-ல் எடுத்தால் 77 லட்சம், 4000-ல் எடுத்தால் 2 கோடிக்கு மேல். இவர் 4000-ல் எடுக்கிறார். எல்லோருக்கும் அது தேவையா என்றால், குடும்பப் படத்துக்கு 2400 தாராளம். ரயில் படத்துக்கு 4000 கேளுங்கள். காரணம், ரயில் படத்தில் நாம் தேடுவது ஓரத்தில் சின்னதாக இருக்கும். எஞ்சின் நம்பர், பெட்டியில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயர், கைகாட்டி இறங்கியிருக்கிறதா ஏறியிருக்கிறதா, ஸ்டேஷன் சுவரில் கடிகாரம் எத்தனை மணி காட்டுகிறது. தென்மலையில் எடுத்த ஒரு படத்தில் ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின் முன்னால் ஒன்று, வால் பக்கம் வளைவில் தள்ளிக்கொண்டு இன்னொன்று. பின்னால் இருப்பது பிரிண்டில் வெறும் புள்ளி, இந்த ஸ்கேனில் எஞ்சினுடைய கண்ணாடியும் தெரிகிறது, அதன் வழியாக எட்டிப் பார்க்கிற ஆளும் தெரிகிறது. டிஃப் ஃபைல் ஒன்று, ஜேபெக் ஒன்று, இரண்டும் தருகிறார். டிஃப் பெரியது, ஹார்டு டிஸ்க் கொண்டு போங்கள்.

இன்னொன்று, இவர் படத்தின் முழு ஓரத்தையும் விட்டு, சுற்றிக் கறுப்புக் கோடு தெரிகிற மாதிரி ஸ்கேன் செய்கிறார். பார்க்க அழகில்லை என்று சிலர் வெட்டித் தரச் சொல்வார்களாம். வெட்டாதீர்கள். அந்தக் காலத்து லேப் பிரிண்டில் நான்கு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்பட்டுத்தான் வரும். 1991-ல் ஆரியங்காவில் எடுத்த ஒரு படம் எங்கள் வீட்டு ஹாலில் ஃபிரேம் போட்டு முப்பது வருடமாகத் தொங்குகிறது. வண்டி நிற்கிறது, ஜன்னலில் ஆட்கள், ஓரத்தில் ஒரு கை மட்டும் ஜன்னலை நோக்கி நீண்டிருக்கும். யார் கை என்று தெரியாது. முழு நெகட்டிவில் அந்தக் கைக்கு ஆள் இருக்கிறது, ஒரு பாட்டி. தலையில் சும்மாடு, இடுப்பில் ஓலைக்கூடை, கூடையில் பலாச்சுளை, சுளைமேல் மூடின வாழை இலை பாதி விலகியிருக்கிறது. ஜன்னலுக்கு உள்ளே இருக்கிற பையன் காசை நீட்டுகிறான், பாட்டி சுளையை நீட்டுகிறாள், இரண்டு கைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. முப்பது வருடமாக எங்கள் சுவரில் பாதிப் படம் தொங்கியிருக்கிறது. புதுப் பிரிண்ட் போட்டு மாட்டியாகிவிட்டது.

சரி, குறைகள்.

ரொம்பத் தாமதம். இரண்டு வாரம் என்று சொன்னார், ஐந்து வாரம் ஆனது. நடுவில் கல்யாண சீசன் வந்துவிட்டது, ஸ்கேனரில் அவர் ஒருவர்தான் உட்காருகிறார், வேறு ஆளை விடுவதில்லை. போன் எடுப்பதில்லை, மெசேஜ் போட்டால் ராத்திரி பதில் வரும். அவசரமாக யாருக்காவது பிறந்தநாள் பரிசு கொடுக்க வேண்டும் என்றால் இது சரிப்படாது.

கறுப்பு வெள்ளைப் படங்களில் தூசிப் புள்ளி நிறைய இருக்கிறது. இது அவர் குற்றம் இல்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். கலர் நெகட்டிவில் அகச்சிவப்பு வெளிச்சம் ஊடுருவிப் போகும், தூசியும் கீறலும் மட்டும் தடுக்கும், அதை வைத்து மெஷினே தூசியைக் கண்டுபிடித்து நீக்கிவிடும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள், அதுவும் அந்த வெளிச்சத்தைத் தடுக்கும் என்பதால் மெஷினுக்கு எது தூசி எது படம் என்று தெரியாது. கையால்தான் ஒவ்வொரு புள்ளியாக எடுக்க வேண்டும். அதற்குத் தனிக் காசு. நான் முக்கியமான எட்டுப் படத்துக்கு மட்டும் கொடுத்தேன், மற்றதை நானே வீட்டில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபைல்களுக்கு வெறும் நம்பர்தான் பெயர். எந்தப் பெட்டியில் எந்த ரோல் என்று நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் என்னை மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கலர் பிரிண்ட் இங்கே போட வேண்டாம். ஸ்கேனில் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவர் பிரிண்டை வெளியே அனுப்பி வாங்குகிறார், பச்சை கொஞ்சம் தூக்கலாக வந்தது, மலையெல்லாம் காலண்டர் மாதிரி ஆகிவிட்டது. கறுப்பு வெள்ளை மேட் பிரிண்ட் மட்டும் நன்றாக இருக்கிறது.

விலை, 35 எம்எம் படத்துக்கு 30 ரூபாய், 120-க்கு 60. மொத்தம் 8,760 ஆனது, தூசி எடுத்த கூலி தனி. அதிகம்தான், இரண்டு தவணையாகத்தான் கொடுத்தேன், அவரும் வற்புறுத்தவில்லை. முன்பு கொடுத்த ஸ்டூடியோவில் படத்துக்கு 8 ரூபாய். அந்த இருபத்துநாலையும் இங்கே மறுபடி கொடுத்து எடுத்தேன், டோக்கன் படம் உட்பட. பை இடது பக்கம் வந்துவிட்டது.

நெகட்டிவைத் திருப்பித் தந்த விதம் தனியாகச் சொல்ல வேண்டும். சுருண்டு கிடந்ததையெல்லாம் ஆறு ஆறு படமாக வெட்டி (வெட்டலாமா என்று கேட்டுவிட்டுத்தான்), பட்டர் பேப்பர் உறையில் போட்டு, மேலே சித்தப்பா பெட்டியில் எழுதியிருந்ததை அப்படியே தமிழில் பார்த்து எழுதியிருந்தார். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும், எழுதிப் பழக்கமில்லை, எழுத்தெல்லாம் கோணல் மாணலாக இருந்தது. 'பதிமூணு கண் பாலம் - மழை'. பழைய பிளாஸ்டிக் உறைகளைத் தூக்கிப் போடச் சொன்னார், நம் பக்கத்து ஈரத்துக்கு அது ஃபிலிமோடு ஒட்டிக்கொள்ளுமாம். அரிசிப் பானையில் வைக்காதீர்கள், பீரோவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள் என்றார்.

வாங்கிக்கொண்டு வரும்போது ரயிலில் வந்தேன். இடப்பாளையம் தாண்டும்போது ஜன்னல் ஓரத்தில் நின்று பார்த்தேன், கையில் இருக்கிற பையில் அதே வளைவு 1978-ல் இருக்கிறது. வீட்டில் டிவியில் போட்டுக் காட்டினேன். சித்தப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது, கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பனிப் படம் வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இது காலை வண்டில்லா" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் பனி எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது என்று காட்டினார், கிழக்குப் பக்கம். படத்தைத் திருப்பிப் போட்டிருந்தால் அவர் சாயங்கால வண்டி என்று சொல்லியிருப்பார்.

இன்னும் ஒரு ரோல் பாக்கி. 2010 செப்டம்பரில் நான் எடுத்த கடைசி ரோல், பூஞ்சை பிடித்து சிலந்தி வலை மாதிரி கோடு ஓடியிருக்கிறது. தண்ணீரில் கழுவிப் பார்க்கிறேன், ஆனால் உறுதி சொல்ல மாட்டேன், மருந்தோடு சேர்ந்து கழன்று வந்தாலும் வரும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் சேட்டன். ஓணம் முடிந்து கொண்டு போகிறேன். ஓணத்துக்குப் பத்து நாள் கடை இருக்காது, நீங்களும் அதைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.